ஜாக்கி வாங்க நாற்காலியோடு போனவர்

எங்கள் வீதியில் குடியிருந்த அந்த அக்கா குக்கருக்கு ரப்பர் வாங்கப் போனால் குக்கரும் கூடவே பஸ் ஏறும். பழைய ரப்பரை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் போதாதா என்றால், போதாது. மூடி மட்டும் போதாதா என்றால் அதுவும் போதாது. அடிப்பாத்திரம், மூடி, விசில் எல்லாம் ஒரு கட்டைப் பைக்குள் உட்கார்ந்து எங்கள் கணபதிப் பகுதியிலிருந்து டவுனுக்குப் போகும். கடைக்காரர் முன்னால் அதை மூடிப் பார்த்து, திறந்து பார்த்து, மறுபடியும் மூடிப் பார்த்த பிறகுதான் புது ரப்பரோடு வீடு திரும்புவார். தலையணை உறை வாங்கக் கக்கத்தில் தலையணையோடு போனதை நானே பார்த்திருக்கிறேன். பஸ்ஸிலேயே தூங்கப் போறீங்களாக்கா என்று என் மனைவி கேலி செய்ததற்கு, "ஆமாங்க அம்மணி, சீட்டுக் கெடைச்சா தூங்கிப்போடுவேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பேரெல்லாம் வேண்டாம். எங்கள் வீதியில் அக்கா என்றால் எல்லோருக்கும் அவர்தான்.

எதற்காக இத்தனை சுமை என்று ஒருமுறை கேட்டேன். "எதுகூட இருக்கப்போகுதோ அதையும் கூட்டிட்டுப் போயிரோணுங்க தம்பி. ஊட்டுக்கு வந்து ரண்டும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டு நின்னா நாம என்ன பண்றதுங்க?" என்றார். பொருள்களைப் பற்றிப் பேசும்போதும் புதுசாகக் கட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

அப்படிப்பட்டவர் மகள் கல்யாணத்தில் மட்டும் சும்மா இருப்பாரா? சத்தியமங்கலம் பக்கம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் மட்டும் போய்வருவதுதான் வழக்கம். அக்கா பெண்ணையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டதாம். அக்கா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காபி குடித்து முடித்ததும், சமையல்கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டு மகளை உள்ளே கூட்டிப்போய், மேல் அலமாரியில் இருந்த டப்பாவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். மகள் குள்ளம். நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. வாசலில் நின்று இதைப் பார்த்த மாப்பிள்ளை உள்ளே வந்து, மேல் தட்டு டப்பாக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழ்த் தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். "அதோட முடிஞ்சுதுங்க தம்பி. அப்பறம் சாதகம் பாக்கறது சும்மா பேச்சுக்குத்தான்" என்று அக்கா சொல்வார். அந்த மகள் இன்றும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கிரைண்டர் செய்து விற்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். நாங்கள் குடிவந்த புதிதில், எங்கள் வீட்டுக் கிரைண்டர் கல்லை என்னால் அசைக்க முடியாததைப் பார்த்து, வந்து ஒரே மூச்சில் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு, "கல்லுன்னா இடுப்புல கொடுத்துத் தூக்கோணுங்க தம்பி" என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டு போனவர் அவர். பேச்சு குறைவு. எங்கள் வீதியில் எதைத் தூக்குவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் சொல்லாவிட்டாலும் நடையில் தெரியும்.

பிறகு சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாயை இணைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பட்டறையை விற்றார்கள். காரை ஓட்டவும் அவரால் முடியாமல் போனபோது, அந்த வயதில் அக்கா டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். முன்சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சிங்காநல்லூர் தாண்டியதும் டயர் பஞ்சராகிவிட்டது. உச்சி வெயில். காரோடு வந்த திருகு ஜாக்கியைப் போட்டு அக்கா கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், கார் எழுந்தபாடில்லை. ஆள் உள்ளே இருக்கையில் தூக்கக் கூடாதென்று அண்ணனை இறக்கி நிறுத்தியிருந்தார். அவர் வலது கையால் கம்பியைப் பிடிக்கக் குனிந்திருக்கிறார். குனிந்தவர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சரிந்தார். யாரோ இரண்டு பேர் வந்து அவரை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் எல்லாவற்றையும் தூக்கியவரை ஊர்க்காரர்கள் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சொன்னது ஒன்றுதான். "இனி நான் வரல அம்மணி. உனக்குப் பாரமாப் போச்சு."

சொன்னபடியே அடுத்த முறை போகவில்லை. அக்கா காரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கி, மகளும் மாப்பிள்ளையும் ஓடிவந்து கெஞ்சிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். போனாலும் மனது வரவில்லை என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. இன்னொரு முறை அடம்பிடித்தால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம்தான் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, உருட்டிட்டுப் போய்க் காருக்கு அடியில விடறாங்களே, அந்த மாதிரி ஜாக்கி ஒண்ணு வாங்கோணுங்க. வெலைக்குத் தகுந்தாப்புல நல்லதா இருக்கோணும். உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியுமாவா? நானும் ஒரு பழைய கார் வைத்திருந்தேன். அதை வீட்டிலேயே பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு செல்போனில் ஜாக்கி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிய காலம் அது. ஜாக்கி வாங்கியபாடில்லை, அது வேறு கதை. இரண்டு டன், மூன்று டன், இரும்பு, அலுமினியம், ஒற்றைப் பம்ப், இரட்டைப் பம்ப் என்று அக்காவை உட்காரவைத்து ஒரு பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கைப்பிடி எவ்வளவு நீளமுங்க தம்பி?" என்றார். அதை நான் கவனித்ததில்லை. அது ஒரு விஷயமா என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். வாசலில் கார் தயாராக நின்றது. முன்சீட்டில் அண்ணன், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி ஒன்று. ஜாக்கி வாங்கக் காரைக் கொண்டுபோவது சரி. குக்கர் கதைதான். நாற்காலி எதற்கு? அண்ணனால் நிற்க முடியாது, அதனால் இருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

டவுனில் அந்தக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தியதும் அக்கா முதலில் செய்த காரியம், இறங்கிப் போய் ஒரு டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டதுதான். கடைப் பையன்கள் பதறி ஓடிவந்தார்கள். "ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க?"

"பஞ்சரானாத்தானுங்க இதுக்கு வேலை. காத்து இருக்கறப்ப நொழைஞ்சு என்ன புண்ணியம்?"

நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் கார்கள் நல்ல டயர்களோடுதான் நின்றன.

முதலில் வந்தது விலை குறைந்த ஜாக்கி. காற்றில்லாத பக்கம் அது காருக்கு அடியில் நுழையவே இல்லை. அடுத்தது நன்றாக நுழைந்தது. ஆனால் அதைத் தூக்கிவர இரண்டு பையன்கள் தேவைப்பட்டார்கள். "இதை டிக்கியில இருந்து எறக்கறதுக்கு இன்னொரு ஜாக்கி வேணுமாட்ட இருக்குதுங்க" என்று அக்கா அனுப்பிவிட்டார். மூன்றாவதாக நடுத்தர விலையில் ஒன்று வந்தது. அக்கா ஒருவரே தூக்கினார். டிக்கியில் வைத்து, பக்கத்தில் நாற்காலியையும் மடக்கி வைத்து, மூடிப் பார்த்தார். மூடியது. எடுத்துக் காருக்கு அடியில் உருட்டினார். நுழைந்தது. சரி, முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அக்கா நாற்காலியை விரித்து ஜாக்கிக்குப் பக்கத்தில் போட்டார். ஒரு சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தார். பிறகு முன்கதவைத் திறந்து, "ஏனுங்க, எறங்கி வந்து அடிச்சுப் பாருங்க" என்றார்.

அண்ணன் அசையவில்லை. "என்னைய எதுக்கு கூப்படற? அதுதான் தம்பி இருக்காரல்ல."

நானும் முந்திக்கொண்டு, "நான் அடிக்கறேனுங்க அக்கா" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"நீங்க ஆசுபத்திரிக்கு எங்ககூட வருவீங்களா தம்பி?" என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் தழைந்துவிட்டது. "நான் சக்கரத்தைக் கழட்டறதுங்களா, ஜாக்கி அடிக்கறதுங்களா? எனக்கு இருக்கறது ரண்டு கைதானுங்க. ஒக்காந்துட்டே அடிங்க. வலது கை போதுமுங்க. ஆசுபத்திரில நர்ஸம்மாகிட்டக் கேட்டுட்டேன். லேசா இருந்தா அடிக்கலாமுன்னு சொன்னாங்க, பாரமா இருந்தாத்தான் ஆகாதாம்."

கைப்பிடி நீளம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் கைக்கு எட்டவேண்டும். நீளம் இருந்தால்தான் இழுப்பதும் லேசாக இருக்கும். அக்கா தனக்கு ஜாக்கி வாங்க வரவில்லை.

அண்ணன் மெல்ல இறங்கிவந்து உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இன்னொன்று. காரின் அந்த மூலை மெதுவாக மேலே வந்தது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சக்கரம் தரையைவிட்டு எழுந்ததும் அண்ணன் கையை எடுத்து, கொஞ்ச நேரம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரை இறக்கி, ஜாக்கியை வெளியே இழுத்து, முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்து, வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, "ஏப்பா, இதுல முன்சக்கரம் ஒண்ணு கோணலா ஓடுது. வேற பெட்டிய ஒடைச்சு எடு" என்றார். பட்டறையில் கேட்ட பழைய குரல். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கு உள்ளே இருந்த எதையோ பார்ப்பது போல நின்றார்.

புதுப் பெட்டி வந்தது. கடைக்காரர் அக்காவிடம், "நீங்களும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கக்கா" என்றார். அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கெதுக்குங்க? அடிக்கறவரு அவருங்க."

அதன் பிறகு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வழியில் என்ன ஆனாலும் தனக்கொரு வேலை உண்டு என்ற தெம்பு வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், டயர் என்ன தினமுமா பஞ்சராகும்? அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையானால், "ஏனுங்க, பின்சக்கரத்துல என்னமோ கறகறங்குது" என்பார். இன்னொரு வாரம், டயரில் ஆணி குத்தியிருக்குமோ என்று சந்தேகம் வரும். வேறொரு வாரம், முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றவேண்டும். எங்கள் வீதியில் அந்தக் கார் மாதிரி கவனிப்பாக வளர்ந்த கார் வேறு கிடையாது. போர்டிகோவில் நாற்காலி விரியும். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்வார். அக்கா முட்டு கொடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுவார்.

அண்ணன் சும்மா அடிக்கமாட்டார். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு முனகல் உண்டு. கார் மேலே போனதும் துண்டால் முகத்தைத் துடைத்து, "காருன்னா சும்மாவா?" என்று வீதிக்கே கேட்கும்படி சொல்வார். "பாரமா இருக்குதுங்களா?" என்று அக்கா கேட்பார். "பாரமில்லாம? நீ அடிச்சுப் பாத்தாத் தெரியும்" என்பார். சரி என்று அக்கா கையை நீட்டினால் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். நான் ஒருநாள் தொடப் போனதற்கு, "இது பழகின கைக்குத்தானுங்க தம்பி வரும்" என்று என்னையும் விரட்டிவிட்டார். ஆக, அந்த ஜாக்கியை அவரைத் தவிர யாரும் அடித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த அண்ணனின் கூடப்பிறந்த அக்கா இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். தம்பி முனகுவதைப் பார்த்ததும் அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒடம்புக்கு முடியாதவன ஜாக்கி அடிக்க வெச்சு வேலை வாங்கறயே, உனக்கே அடுக்குமா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். அக்கா குனிந்து சக்கரத்தை மாட்டி முடித்தார். அன்று சாயங்காலம் என் வீட்டுக் கேட்டுக்கு வந்து நின்றார்.

"தம்பி, அவரு நெசமாவே செரமப்படறாருங்களா, இல்ல நடிக்கறாருங்களா?"

"நடிப்புத்தானுங்க அக்கா" என்றேன். எனக்கென்ன தெரியும்? அக்காவுக்கு அந்தச் சமயத்தில் அது தேவை என்று தோன்றியது. அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நர்ஸம்மா லேசா இருந்தா மட்டும்னு சொன்னாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார். நிறுத்தச் சொன்னால் அண்ணன் உடைந்துபோவார், நிறுத்தாவிட்டால் உடம்பு உடையுமோ என்று பயம். அக்கா அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் சக்கரத்தில் சத்தம் கேட்கிறது என்று பொய் சொன்னார்.

அண்ணன் நாங்கள் நினைத்ததைவிட அதிக நாள் இருந்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். எழவு வீட்டில் அண்ணனின் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது, "ஜாக்கி அடிக்க வெச்சே எந்தம்பியக் கொன்னுட்டாங்களே" என்றும் ஒரு வரி சேர்த்து அழுதார். துக்கத்தில் யாரும் எதையும் சொல்வார்கள். ஆனால் அக்காவின் முகத்தில் அந்த வரி விழுந்த இடத்தை நான் பார்த்தேன்.

கார் போர்டிகோவிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டிலிருந்து சத்தமே வராது. கடைசியில் மகள் வற்புறுத்தி, சத்தியமங்கலத்துக்கே வந்துவிடும்படி சொன்னாள். அக்கா சம்மதித்தார். காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார்.

கிளம்பும் நாள் காலையில் பார்த்தால், நின்று நின்றே ஒரு டயர் காற்றிறங்கித் தரையோடு அமுங்கிக் கிடந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். அக்கா டிக்கியைத் திறந்தார். முதலில் நாற்காலியை எடுத்து, வழக்கமாகப் போடும் இடத்தில் விரித்தார். பிறகு ஜாக்கியை உருட்டினார். கல்லை அண்டக் கொடுத்தார். எல்லாம் பழகிய கை. கைப்பிடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"நான் அடிக்கட்டுமாங்க அக்கா?"

"இருங்க தம்பி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அடிக்கறதுக்கு முன்னால இந்தக் கைப்பிடிய எந்தப் பக்கம் திருகோணுமுங்க?" என்று கேட்டார். சொன்னேன். வலது கையால் பிடித்து, பெரிய பாரத்துக்குத் தயாராகிறவர் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அழுத்தினார். கைப்பிடி அவர் நினைத்ததைவிட வேகமாகக் கீழே போக, அக்கா முன்னால் சாய்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார், இந்த முறை மெதுவாக. அப்புறம் விரல்களை விரித்து, உள்ளங்கையை மட்டும் வைத்து அழுத்தினார். கார் எழுந்துகொண்டே வந்தது.

"லேசுங்க தம்பி" என்றார். "நெம்ப லேசா இருக்குதுங்க."

"நல்லதாப் பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க அக்கா."

"அப்பறம் என்னத்துக்குங்க அந்த மனுசன் அத்தன மொனகு மொனகுனாரு?" சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, காலியாக இருந்த முன்சீட்டைப் பார்த்து, "ஏனுங்க, இப்புடியா ஏமாத்துவீங்க?" என்றார்.

சக்கரம் தரையைவிட்டு நன்றாகவே எழுந்திருந்தது. நான் ஸ்பேனரை எடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கைப்பிடியைத் திருகிக் காரைக் கீழே இறக்கினார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து மறுபடியும் அடிக்கத் தொடங்கினார்.